கையால் ஓட்டினால் ஓடுகிறது, இரவில் ஓடுவதில்லை: 12 நாள் பேக்கப் எடுக்காத ஒரு சர்வர்

2024 ஜூலை 18, வியாழக்கிழமை. காலை பத்தரை மணிக்கு வந்த அழைப்பு பேக்கப் ஓடவில்லை என்று சொல்ல வந்ததல்ல. மருந்து மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனம் அது. கணக்குப் பிரிவில் ஒருவர் ஜூன் மாதத்துச் சரக்குத் திருப்பல் பதிவுகள் அத்தனையையும் தவறுதலாக அழித்துவிட்டார். அங்கே சிஸ்டம் பார்த்துக்கொள்ளும் தம்பி, "நேத்து ராத்திரி பேக்கப்புல இருந்து அந்த ஒரு டேபிளை மட்டும் எடுத்துப் போட முடியுமா அண்ணா?" என்று கேட்டான். ஐந்து நிமிட வேலை என்று சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தேன். பேக்கப் டைரக்டரியில் இருந்த கடைசிக் கோப்பின் தேதி ஜூலை 6.

ஜூலை 6 என்பது சர்வர் மாற்றிய சனிக்கிழமை. அதுவரை சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்தார்கள். அதற்கான ஆதரவு ஜூன் 30-உடன் முடிந்துபோனதால் அல்மாலினக்ஸ் 9-க்கு மாறினார்கள். மாற்றும் அன்று மாலை பழைய சர்வரில் கையால் ஒரு டம்ப் (டேட்டாபேஸின் முழு நகல் கோப்பு) எடுத்து, அதை ஏற்றித்தான் புதிய சர்வரே தொடங்கியது. அதற்குப் பிறகு ஒரு பேக்கப்கூட இல்லை. பழைய சர்வரையும் ஒரே வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

நல்லவேளையாக அவர்களுடைய டேட்டாபேஸான மரியாடிபியில், ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகக் குறித்துவைக்கும் பைனரி லாக்கை ஆன் செய்து வைத்திருந்தோம். ஜூலை 6 டம்ப்பை வேறொரு இடத்தில் ஏற்றி, அதற்கு மேல் 12 நாள் பைனரி லாக்கை அழிப்புக்கு முந்தைய நிமிடம் வரை ஓட்டி, அந்த டேபிளை மீட்டோம். மூன்று மணி நேரம் ஆனது. அது தனிக் கதை, இங்கே வேண்டாம். பேக்கப் ஏன் ஓடவில்லை என்பதை மறுநாள் காலை உட்கார்ந்து பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தம்பி மறுநாள் வரை பொறுக்கவில்லை. அன்று மாலையே தனியாக உட்கார்ந்து பல வழிகளில் முயன்றிருக்கிறான். அவன் எங்கெங்கே தட்டினான், ஏன் எந்தக் கதவும் திறக்கவில்லை என்பதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன். தப்பான இடத்தில் அவன் தேடவே இல்லை. சரியான இடத்துக்குப் போய், பார்க்கத் தவறிவிட்டு, "இங்கே இல்லை" என்று முடிவு கட்டித் திரும்பினான்.

வெள்ளிக்கிழமை காலை

குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டுவது கிரான். அதற்கான வேலைப் பட்டியல்களாக எட்சிக்குள் இருக்கும் கிரான்.டி டைரக்டரியில் அவன் வைத்தவை மூன்று கோப்புகள். ஒன்று, விடிகாலை 2:15-க்கு டேட்டாபேஸ் டம்ப் எடுப்பது. இன்னொன்று, காலை 6 மணிக்குக் கிளைகளுக்கு இருப்புப் பட்டியல் அனுப்புவது. மூன்றாவது, 3:30-க்குப் பழைய டம்ப்களைத் துப்புரவு செய்வது. இவற்றில் இருப்புப் பட்டியல் மட்டும் 12 நாளும் தவறாமல் போயிருக்கிறது. அதனாலேயே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. காலையில் பட்டியல் வருகிறது, ஆகவே கிரான் ஓடுகிறது, ஆகவே பேக்கப்பும் ஓடுகிறது என்று ஒரு கணக்கு.

பேக்கப்பில் பிழை வந்தால் மின்னஞ்சல் வரும்படி அமைத்திருந்தார்கள். மின்னஞ்சல் வரவில்லை, அதனால் பிழையும் இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள். ஓடிய வேலை எதையாவது அச்சிட்டால்தான் கிரான் அஞ்சல் அனுப்பும். வேலை தொடங்கவே இல்லையென்றால் அனுப்ப என்ன இருக்கிறது?

தம்பி செய்த முதல் சோதனை, எல்லோரும் செய்வதுதான். ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டினான். அழகாக ஓடி டம்ப் எடுத்தது. அடுத்து, கோப்புகளின் விவரம் காட்டும் எல்எஸ் -எல் போட்டுப் பார்த்தான். மூன்று கோப்புகளுக்கும் உரிமையாளர் ரூட், பெர்மிஷன் 644. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. கோப்பின் கடைசி வரிக்குப் பின் புதுவரி இல்லாவிட்டால் கிரான் சில சமயம் அந்த வரியை விட்டுவிடும் என்று எங்கோ படித்து அதையும் பார்த்தான், புதுவரி இருந்தது. பெயரில் புள்ளி இருந்தால் படிக்காது என்று இன்னொரு குறிப்பு. அது டெபியன் வகைக் கிரானுக்கு உண்மை. ரெட்ஹேட் குடும்பத்தில் இருப்பது குரோனி என்ற வேறு கிரான், அதற்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. போதாததற்கு அவன் கோப்பின் பெயரில் புள்ளியே இல்லை.

கிரான் லாக்கில் 2:15 பக்கத்து வரிகளைத் தேடினான். பேக்கப் பற்றி எதுவும் இல்லை. பிழை என்றுகூட இல்லை, வெறும் மௌனம்.

அப்புறம் சரியான சந்தேகம் வந்திருக்கிறது. எந்தப் புரோகிராம் எந்தக் கோப்பைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் லினக்ஸின் பாதுகாப்பு அடுக்கு எஸ்இலினக்ஸ். பழைய சர்வரில் அது பல வருடமாக அணைத்தே கிடந்தது, புதியதில் என்ஃபோர்சிங், அதாவது மீறினால் தடுக்கும் நிலை. அந்த மறுப்புகள் பதிவாகும் ஆடிட் லாக்கைத் திறந்து கிரான் பெயரில் "டினைடு" என்று ஏதாவது இருக்கிறதா என்று தேடினான். ஒரு வரிகூட இல்லை. வெள்ளி காலை என்னிடம் அவன் சொன்ன முதல் வாக்கியமே, "எஸ்இலினக்ஸ் இல்ல அண்ணா, ஆடிட் லாக் சுத்தமா இருக்கு" என்பதுதான். நானும் பத்து நிமிடம் அதை நம்பினேன்.

எஸ்இலினக்ஸை விலக்கிவிட்ட பின் கிரான் மேலேயே அவனுக்கு வெறுப்பு வந்துவிட்டது. லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியின் டைமராக மாற்றிவிடலாம் என்று ஒரு சர்வீஸ் கோப்பும் ஒரு டைமர் கோப்பும் எழுதினான். ஸ்கிரிப்ட் அவன் ஹோம் டைரக்டரியில் இருந்தது, அந்தப் பாதையையே கொடுத்தான். டைமர் நேரத்துக்குச் சரியாகச் சுட்டது. சர்வீஸ் உடனே விழுந்தது: நிலை 203, எக்ஸெக் படியில் தோல்வி, "பெர்மிஷன் டினைடு". பெர்மிஷனை மாற்றும் சிஎச்மாட்டில் 755 போட்டான். பிறகு எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777 போட்டான். விழுந்துகொண்டே இருந்தது. ரூட்டாக ஓடும் ஒரு சர்வீஸுக்கு 777 கோப்பை ஓட்ட அனுமதி இல்லை என்றால், தடுப்பது சாதாரண பெர்மிஷன் அல்ல என்று அந்த இடத்தில் மணி அடித்திருக்க வேண்டும். ஆனால் ஒருமுறை "அது இல்லை" என்று அடித்துவிட்ட பெயரை இரவு 11 மணிக்கு மறுபடி சந்தேகப்படுவது லேசில்லை.

ஹிஸ்டரி சொன்னது

நான் கேட்டது ஒரே கேள்வி: "மூணு கோப்பும் ஒரே மாதிரி இருக்கு, ஒண்ணு மட்டும் ஓடுது. மூணையும் ஒரே மாதிரிதான் வெச்சியா?" ஆமாம் என்றான். பொய்யில்லை, அவன் நினைவில் அப்படித்தான் இருந்தது. அவன் தட்டிய கட்டளைகளின் பட்டியலான ஹிஸ்டரியை எடுத்துப் பார்த்தோம்.

சுடோ சிபி இருப்பு /எட்சி/கிரான்.டி/
சுடோ எம்வி டிபிபேக்கப் /எட்சி/கிரான்.டி/
சுடோ எம்வி துப்புரவு /எட்சி/கிரான்.டி/
சுடோ சிஎச்ஓன் ரூட்:ரூட் /எட்சி/கிரான்.டி/*
சுடோ சிஎச்மாட் 644 /எட்சி/கிரான்.டி/*

முதல் கோப்பை சிபி மூலம் நகல் எடுத்திருக்கிறான். அது போய்ச் சேர்ந்ததைப் பார்த்ததும், வீட்டில் எதற்கு இரண்டு பிரதி, குப்பை சேரும் என்று மற்ற இரண்டையும் எம்வி மூலம் நகர்த்தியிருக்கிறான். சுத்தமாக வைத்துக்கொள்ளும் பழக்கம். உரிமையாளர், பெர்மிஷன் இரண்டையும் பிறகு சமன் செய்துவிட்டதால் எல்எஸ் -எல் எந்த வித்தியாசமும் காட்டவில்லை. எல்எஸ் -இசட், அதாவது பெரிய இசட், காட்டியது. இருப்பு கோப்பின் லேபிளில் டைப் சிஸ்டம்_கிரான்_ஸ்பூல்_டி. மற்ற இரண்டுக்கும் யூசர்_ஹோம்_டி.

எஸ்இலினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒவ்வொரு புராசஸுக்கும் ஒரு லேபிள் உண்டு. யூசர், ரோல், டைப், லெவல் என்று நான்கு பகுதி. ரெட்ஹேட் வகை சர்வர்களில் வழக்கமாக இருக்கும் டார்கெட்டட் பாலிசி என்ற விதித்தொகுப்பில் அன்றாடத் தகராறுகள் கிட்டத்தட்ட எல்லாமே மூன்றாவது பகுதியான டைப்பில்தான் நடக்கும். கோப்பின் லேபிள் அதன் பாதையில் இல்லை. கோப்போடு ஒட்டிய கூடுதல் பண்பாக ஃபைல்சிஸ்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே எம்வி செய்வது வீடு மாறுவது மாதிரி: ஆள் புது வீட்டுக்கு வந்துவிட்டார், ரேஷன் கார்டில் பழைய விலாசமே இருக்கிறது. சிபி செய்தால் போய்ச் சேரும் டைரக்டரியில் புதுக் கோப்பு பிறக்கிறது, அந்த வீட்டு விலாசத்தோடேயே பிறக்கிறது. சிபியிலும் -ஏ ஆப்ஷன் போட்டால் பழைய லேபிளையும் சேர்த்தே கொண்டுவரும், அது வேறு வம்பு.

சரி, லேபிள் தப்பு என்று தெரிந்தது. ஆடிட் லாக் ஏன் வாயைத் திறக்கவில்லை? எனக்கு இந்த வழக்கில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஒரு புரோகிராமை ஓட்டும்போது கர்னல் குறுக்கே வந்து, இந்த டைப் உள்ள கோப்பு அந்த டொமைனுக்குள் (புராசஸின் டைப்புக்கு டொமைன் என்று பெயர்) நுழைய வாசலாக இருக்கலாமா என்று பார்க்கும். அந்த அனுமதிக்கு என்ட்ரிபாயின்ட் என்று பெயர். கிரானின் வேலைப் பட்டியல் கோப்பை, அதாவது கிரான்டேப்பை, யாரும் ஓட்டுவதில்லை. பின்னணியில் ஓடும் கிரான் புராசஸான கிரான்ட் அதைத் திறந்து படிக்கிறது, பிறகு அதில் எழுதியதை வேறொரு டொமைனில் ஓட வைக்கிறது. கர்னலின் கண்ணுக்கு அது வெறும் படிப்பு. படிக்க கிரான்டுக்கு அனுமதி இருக்கிறது, எனவே கர்னல் எதையும் மறுக்கவில்லை. ஆனால் இதை இப்படியே விட்டால், யாரோ தன் வீட்டில் எழுதிய கோப்பைக் கிரான்.டி-க்குள் தள்ளி ரூட்டாக ஓட வைக்கும் ஓட்டை அப்படியே இருக்கும். அதனால் கிரான்ட் தானாகவே பாலிசியிடம் போய்க் கேட்கிறது: யூசர்_ஹோம்_டி லேபிள் உள்ள இந்தக் கோப்பு, சிஸ்டம்_கிரான்ஜாப்_டி டொமைனுக்கு வாசலாகலாமா? ஆகாது என்று பதில் வந்தால் கோப்பை ஏற்றாமல் விட்டுவிடுகிறது. கேட்டதும் முடிவு எடுத்ததும் கிரான்ட். அதனால் கர்னலின் மறுப்பு வரி ஆடிட் லாக்கில் விழவில்லை. கிரான்ட் தன் குறிப்பைத் தன் லாக்கில் எழுதியிருந்தது.

அந்தக் குறிப்பு இருந்தது. கிரான் லாக்கில், ஜூலை 6 மாலை:

அன்ஆதரைஸ்டு எஸ்இலினக்ஸ் கான்டெக்ஸ்ட்=சிஸ்டம்_யு:சிஸ்டம்_ஆர்:சிஸ்டம்_கிரான்ஜாப்_டி... ஃபைல்_கான்டெக்ஸ்ட்=அன்கன்ஃபைன்ட்_யு:ஆப்ஜெக்ட்_ஆர்:யூசர்_ஹோம்_டி:எஸ்0 (/எட்சி/கிரான்.டி/டிபிபேக்கப்)
(ரூட்) ஃபெயில்ட் (லோடிங் கிரான் டேபிள்)

இதைவிடத் தெளிவாக எந்த மென்பொருளும் பேசிவிட முடியாது. எந்தக் கோப்பு, எந்த லேபிள், எந்த டொமைன் எல்லாம் ஒரே வரியில் இருக்கின்றன. ஆனால் அது விடிகாலை 2:15-க்கு எழுதிய வரி அல்ல. கோப்பை வைத்தபோதும், கிரான்ட் கிரான்டேப்களை மறுபடி படித்த வேறு சில நேரங்களிலும் எழுதியது. வேலை ஓடவேண்டிய நேரத்தில் கிரான்டைப் பொறுத்தவரை அப்படி ஒரு வேலையே கிடையாது, எனவே சொல்ல ஒன்றுமில்லை. கிரான் லாக் வாராவாரம் சுழலும், அதனால் அந்த முதல் வரி பெயரில் தேதி சேர்ந்த பழைய லாக்கில் கிடந்தது. தம்பி நடப்பு லாக்கில் 2:15-ஐச் சுற்றி மட்டும் தேடினான். ஓடாத வேலைக்கு, அது ஓடவேண்டிய நேரத்தில் தேடுவதைத்தான் யாரும் செய்வார்கள். நானும் முதலில் அங்கேதான் தேடினேன்.

அங்கே இன்னொரு சின்ன முடிச்சும் இருந்தது. பழைய சர்வரில் ஒரு பயனருக்குச் சொந்தமான தனிக் கிரான்டேப்பும் இருந்தது. அதை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம், பயனர் கிரான்டேப்கள் இருக்கும் ஸ்பூல் டைரக்டரிக்கு நேராக அனுப்பியிருந்தான். அது ஒழுங்காக ஓடியது. ஆர்சிங்க் போய்ச் சேரும் டைரக்டரிக்குள் தற்காலிகக் கோப்பு ஒன்றை உருவாக்கி எழுதி, அங்கேயே பெயர் மாற்றுகிறது. கோப்பு பிறந்ததே அந்த வீட்டில்தான், லேபிளும் யூசர்_கிரான்_ஸ்பூல்_டி என்று சரியாக வந்துவிட்டது. இரண்டு ஓடுகின்றன, இரண்டு ஓடவில்லை, ஓடாத இரண்டுக்கும் பொதுவானது எம்வி மட்டும். இந்தப் பட்டியலைக் காகிதத்தில் எழுதியிருந்தால் வியாழன் இரவே பிடித்திருப்பேன் என்று தம்பி நொந்துகொண்டான்.

203-இன் கதை

டைமர் விழுந்ததும் இதே நோய், வேறு உறுப்பில். சிஸ்டம்டி ஓடுவது இனிட்_டி டொமைனில். அந்த டொமைனிலிருந்து யூசர்_ஹோம்_டி கோப்பை நேராக ஓட்டப் பாலிசி விடாது. இங்கே மறுத்தது கர்னல், எனவே ஆடிட் லாக்கில் வரி இருந்தது. ஆடிட் லாக்கில் தேடும் ஆசர்ச் கருவியில் ஏவிசி வகை (எஸ்இலினக்ஸ் மறுப்புப் பதிவு), நேற்று முதல் என்று கேட்டதும் வந்து நின்றது: செயல் எக்ஸிக்யூட், கேட்டவர் இனிட்_டி, பொருள் யூசர்_ஹோம்_டி. தம்பி ஆடிட் லாக்கைப் பார்த்தது டைமர் எழுதுவதற்கு முன்னால். டைமர் விழுந்த பிறகு போய்ப் பார்க்கவில்லை.

கையால் ஓட்டினால் ஏன் ஓடியது? எஸ்எஸ்எச் மூலம் உள்ளே வந்தவரின் ஷெல் அன்கன்ஃபைன்ட்_டி டொமைனில் இருக்கும். பேருக்கு ஒரு லேபிள், மற்றபடி கட்டுப்பாடு அநேகமாக இல்லை. அங்கிருந்து ஓட்டிப் பார்ப்பது, முதலாளி மகன் கேட்டைத் தாண்டிப் போய்விட்டு, "கேட்டில் யாரும் தடுக்கவில்லையே" என்று சொல்வதைப் போல. ஸ்கிரிப்டின் உள்ளடக்கம் சரியா என்பதற்கு அந்தச் சோதனை சாட்சி. இரவில் ஓடுமா என்பதற்கு அல்ல.

எந்த டொமைனில் வேலை ஓடப்போகிறதோ அதே டொமைனில் ஓட்டிப் பார்க்க வழிகள் இருக்கின்றன. டைமருக்கு என்றால் சிஸ்டம்டி-ரன். கொடுத்த கட்டளையை நம் ஷெல்லின் கீழ் ஓட்டாமல் சிஸ்டம்டியின் கீழ் தற்காலிக சர்வீஸாக ஓட்டும். கிரானுக்கு நான் வைத்திருப்பது பழைய கைவைத்தியம்: கிரான்.டி-யில் நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் ஒரு வரி, அதில் ஐடி -இசட் கட்டளையின் விடையை ஒரு கோப்பில் எழுதச் சொல்வது. சிஸ்டம்_கிரான்ஜாப்_டி என்று வந்தால் வண்டி ஓடுகிறது. பார்த்ததும் மறக்காமல் அழித்துவிட வேண்டும்.

சரிசெய்தது

ரீஸ்டோர்கான் -வி /எட்சி/கிரான்.டி/டிபிபேக்கப்

இவ்வளவுதான். இந்தப் பாதைக்கு எந்த லேபிள் என்று பாலிசியில் எழுதியிருக்கிறதோ அதைக் கோப்பில் ஒட்டுகிறது ரீஸ்டோர்கான். யூசர்_ஹோம்_டி-யிலிருந்து சிஸ்டம்_கிரான்_ஸ்பூல்_டி-க்கு மாற்றியதாக ஒரு வரி அச்சிட்டது. லேபிளின் முதல் பகுதி அன்கன்ஃபைன்ட்_யு என்றே இருந்தது. சாதாரணமாக ரீஸ்டோர்கான் டைப்பை மட்டும்தான் தொடும்; யூசர் பகுதியும் மாற வேண்டுமென்றால் பெரிய எஃப் ஆப்ஷன் வேண்டும். இங்கே அதற்குத் தேவையில்லை. சந்தேகத்துக்கு இடம் வைக்க வேண்டாம் என்று கிரான்டை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து லாக்கைப் பார்த்தோம். டிபிபேக்கப் பற்றிய புகார் வரவில்லை, துப்புரவு பற்றிய புகார் மட்டும் வந்தது. அதை ஏன் அப்போதே சரிசெய்யவில்லை என்பது கடைசியில்.

ஸ்கிரிப்டை ஹோமிலிருந்து /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் டைரக்டரிக்குக் கொண்டுபோனோம். இந்த முறை எம்வி -இசட். நகர்த்தும்போதே புது இடத்துக்கு உரிய லேபிளை ஒட்டச் சொல்லும் ஆப்ஷன் அது. இப்போது டைப் பின்_டி. இந்த டைப் உள்ள ஸ்கிரிப்டை சிஸ்டம்டியும் தயங்காமல் ஓட்டும். டைமர் இனி தேவையில்லை என்றாலும் தம்பி அதை ஒருமுறை ஓட்டிப் பார்த்தான், 203 வரவில்லை. பிறகுதான் அழிக்க மனம் வந்தது அவனுக்கு.

சிஎச்கான் என்று ஒரு கட்டளை இருக்கிறது, அதை வைத்து லேபிளை நேராக மாற்றலாம். சோதனைக்குச் சரி, நிரந்தரத்துக்கு வேண்டாம். பாலிசியின் பாதைப் பட்டியலுக்கு அது தெரியாது, அடுத்த ரீஸ்டோர்கானோ முழு மறுலேபிளோ வந்தால் போட்டது போய்விடும். நம் சொந்தப் பாதைகளுக்கு லேபிள் வேண்டுமென்றால் செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் மூலம் பட்டியலில் எழுதிவிட்டு ரீஸ்டோர்கான் ஓட்ட வேண்டும்.

இது அன்று மதியமே தேவைப்பட்டது.

லாக்ரொடேட்

கிளம்பும் முன் தோல்வியடைந்த யூனிட்கள் ஏதாவது இருக்கிறதா என்று பட்டியல் எடுத்தேன். பழைய லாக்குகளைச் சுழற்றி ஒதுக்கும் லாக்ரொடேட் சர்வீஸ் சிவப்பில் நின்றது. இந்த அல்மாலினக்ஸ் 9 வரிசையில் லாக்ரொடேட் தினசரி கிரான் அல்ல, சிஸ்டம்டி டைமர். பில்லிங் மென்பொருளின் லாக்குகளை அவர்கள் /டேட்டா என்று ரூட் டைரக்டரியின் (/) அடியில் நேராக உருவாக்கிய டைரக்டரியில் வைத்திருந்தார்கள். அப்படி ஒரு பெயர் பாலிசியின் பட்டியலில் கிடையாது, அதனால் லேபிள் டீஃபால்ட்_டி. லாக்ரொடேட்டுக்கோ சொந்தமாக லாக்ரொடேட்_டி என்று இறுக்கமான ஒரு டொமைன் இருக்கிறது. டீஃபால்ட்_டி பக்கம் அதற்கு வேலையில்லை. கையால் லாக்ரொடேட்டை ஓட்டினால்? ஓடும். நம் ஷெல்லின் அன்கன்ஃபைன்ட்_டி-யிலேயே ஓடுவதால். இதைச் சோதிக்க வேண்டுமென்றால் லாக்ரொடேட் கட்டளையைத் தட்டக் கூடாது, சிஸ்டம்சிடிஎல் மூலம் லாக்ரொடேட் சர்வீஸைத் தொடங்க வேண்டும்.

இங்கே ஆடிட் லாக்கில் வரிகள் குவிந்திருந்தன. தம்பி உடனே ஆடிட்2அலவ் ஓட்டினான். மறுப்புகளைத் தின்று, அவற்றை அனுமதிக்கும் ஒரு பாலிசி மாட்யூலைத் துப்பும் கருவி. லாக்ரொடேட்_டி-க்கு டீஃபால்ட்_டி கோப்புகளைப் படிக்க, எழுத, அழிக்க அனுமதி என்று அழகாக எழுதிக் கொடுத்தது. போட்டால் வேலை நடக்கும். ஆனால் டீஃபால்ட்_டி என்பது ஒரு டைரக்டரியின் பெயர் அல்ல. பாலிசிக்குத் தெரியாத எல்லா இடத்துக்கும் பொதுவான பெயர். நாளை யாரோ ரூட்டின் அடியில் வேறொன்றை உருவாக்கினால் அதையும் லாக்ரொடேட் தொடலாம் என்று இன்றே எழுதிக் கொடுப்பதாகும். தப்பு லேபிளில் இருக்கும்போது விதியைத் திருத்தக் கூடாது. ஆடிட்2அலவ் ஓட்டுவதற்கு முன் மறுப்பு வரியில் இருக்கும் பொருளின் டைப்பைப் பார்த்து, இந்தக் கோப்புக்கு இந்த டைப் நியாயமா என்று ஒருமுறை கேட்டுக்கொண்டால் பாதிக்கு மேல் மாட்யூலே தேவைப்படாது என்பது என் அனுபவம்.

செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்டில் அந்த லாக் டைரக்டரிக்கு, அதற்குள் இருப்பவை உட்பட, வார்_லாக்_டி என்று எழுதினோம். ரீஸ்டோர்கான் -ஆர்வி. சர்வீஸைத் தொடங்கினோம். பச்சை.

"ஆஃப் பண்ணிடலாமா?"

இந்தக் கேள்வி வராமல் எந்த எஸ்இலினக்ஸ் வழக்கும் முடிவதில்லை. இங்கே கேட்டவர் உரிமையாளர். அவருடைய பில்லிங் மென்பொருளின் நிறுவல் கையேட்டில் முதல் படியே எஸ்இலினக்ஸை அணைப்பது. 12 நாள் பேக்கப் போன கோபத்தில் இருந்தவரிடம் பாதுகாப்பின் அருமை பற்றிப் பேச எனக்கும் தெம்பில்லை. ஒன்றை மட்டும் சொன்னேன்: யாரோ ஒருவர் வீட்டில் எழுதிய கோப்பு ரூட் அதிகாரத்தில் ஓடுவதைத்தான் அது தடுத்தது. அந்தக் கோப்பு நம் தம்பியுடையது என்று அதற்குத் தெரியாது. சர்வருக்குள் நுழைந்த வேறொருவனுடையதாக இருந்திருந்தால் நீங்கள் அதற்கு நன்றி சொல்லியிருப்பீர்கள்.

அணைப்பதில் நடைமுறைத் தொல்லை ஒன்றும் உண்டு. முழுதாக அணைத்த நிலையில் பிறக்கும் கோப்புகளுக்கு லேபிளே கிடையாது. ஒரு வருடம் கழித்து யாராவது திரும்ப ஆன் செய்தால் லேபிள் இல்லாத கோப்புகள் ஊர் முழுக்கக் கிடக்கும், டிஸ்க் முழுவதையும் மறுலேபிள் செய்யாமல் சர்வர் ஒழுங்காக எழுந்திருக்காது. கட்டாயம் தளர்த்தித்தான் ஆகவேண்டும் என்றால் பர்மிஸிவ் நிலை போதும். தடுக்காது, ஆனால் லேபிள் ஒட்டுவதும் லாக் எழுதுவதும் தொடரும். அதையும் சர்வர் முழுமைக்கும் செய்யத் தேவையில்லை, செமேனேஜ் பர்மிஸிவ் மூலம் ஒரு டொமைனை மட்டும் தளர்த்தலாம். 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமை வெளியிட்டு, 2003-இல் 2.6 கர்னலுக்குள் வந்த சரக்கு இது. ஆன்ட்ராய்டு 5 முதல் நம் பாக்கெட்டில் இருக்கும் ஃபோனிலும் முழுமையாக ஆன் நிலையில்தான் ஓடுகிறது. அங்கே யாரும் அணைக்கச் சொல்வதில்லை, ஏனென்றால் அங்கே லேபிள்களைச் சரியாக ஒட்டித் தருவது வேறு ஒருவருடைய வேலை.

உரிமையாளர் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை. "சரி, ஆனா அடுத்த தடவை எனக்குத் தெரியணும்" என்றார். நியாயமான கோரிக்கை. பேக்கப் தோற்றால் சொல்வதை எடுத்துவிட்டு, 26 மணி நேரத்துக்குள் புது டம்ப் வராவிட்டால் இன்னொரு சர்வரிலிருந்து அவருக்கும் தம்பிக்கும் செய்தி போகும்படி அமைத்தோம். அந்தச் செய்தியை அனுப்பும் வேலையும் ஒரு கிரான்தான். அதன் லேபிளை மூன்று முறை பார்த்துவிட்டே வந்தேன்.

மூன்றாவது கோப்பு

இனி துப்புரவு. காலையில் தம்பி டைரக்டரி முழுவதற்கும் சேர்த்து ரீஸ்டோர்கான் -ஆர்வி என்று தட்டிவிட்டு என்டரில் விரல் வைத்திருந்தான். "இரு, மூணாவதுல என்ன இருக்கு?" என்று கேட்டேன். திறந்து பார்த்தோம். தினமும் 3:30-க்கு, பேக்கப் டைரக்டரியில் 7 நாளுக்கு மேல் பழைய டம்ப்களை ஃபைண்ட் மூலம் தேடி அழிக்கும் ஒற்றை வரி. எத்தனை டம்ப் மிச்சம் இருக்கின்றன, புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்ற கேள்வியே அதில் இல்லை.

தம்பிக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. என்டரிலிருந்து விரலை எடுத்தான். இருப்பு கோப்பைப் போல இதையும் அவன் சிபி செய்திருந்தால் இது முதல் நாளிலிருந்தே ஒழுங்காக ஓடியிருக்கும். புது டம்ப் ஒன்றுகூட வராத டைரக்டரியில், இரண்டாவது வாரத்தில் ஒரு விடிகாலை, ஜூலை 6 டம்ப்பையும் சத்தமில்லாமல் துடைத்திருக்கும். வியாழக்கிழமை பைனரி லாக்கை ஓட்டுவதற்கு அடியில் வைக்க எங்களிடம் எதுவும் இருந்திருக்காது. பேக்கப்பை நிறுத்திய அதே தப்பு லேபிள்தான், மிச்சமிருந்த ஒரே பேக்கப்பையும் காப்பாற்றி வைத்திருந்தது.

அந்த வரியை மாற்றி எழுதினான். வயது எதுவானாலும் கடைசி 7 டம்ப்களைத் தொடாதே, அதற்கு மேல் இருப்பவற்றில் மட்டும் பழையதை அழி என்று. அடுத்த வெள்ளி வரை காத்திருந்து, 7 டம்ப்கள் வரிசையாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் அந்தக் கோப்புக்கு ரீஸ்டோர்கான் ஓட்டினான். இரவு 9 மணிக்கு எனக்குப் படம் அனுப்பினான்: எல்எஸ் -இசட், மூன்று வரி, மூன்றிலும் ஒரே டைப்.